பெயரே இல்லாமல் பிரபலமானவர்: ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ்

கேள்வி இதுதான்: "உலகத்தின் முதல் சினிமா நட்சத்திரம் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ், கார் இண்டிகேட்டரைக் கண்டுபிடித்ததும் அவரே, கடைசியில் யாருக்கும் தெரியாமல் இறந்துபோனார் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதில் எவ்வளவு உண்மை?"

முக்கால்வாசி உண்மை. ஆனால் அந்த 'முதல்' என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது, இண்டிகேட்டர் விஷயத்திலும் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கிறது. கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஃப்ளாரன்ஸ் பிறந்தது அமெரிக்காவில் இல்லை, கனடாவில். ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டன் நகரம், 1886 ஜனவரி 2. பிறந்தபோது வைத்த பெயர் ஃப்ளாரன்ஸ் ஆனி பிரிட்ஜ்வுட். அப்பா குதிரை வண்டி கட்டுபவர். அம்மா ஷார்லட், மேடையில் லோட்டா லாரன்ஸ் என்ற பெயரில் ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் கம்பெனி ஒன்றை நடத்தியவர், அதில் அவரே கதாநாயகி, அவரே இயக்குநர். குழந்தைக்கு நடக்கவும் பேசவும் வந்ததுமே மேடையில் ஏற்றிவிட்டார். விசிலடிப்பதில் கெட்டிக்காரி என்பதால் 'பேபி ஃப்ளோ, விசிலடிக்கும் அதிசயக் குழந்தை' என்று விளம்பரம். அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு, அப்பாவின் பெயரான பிரிட்ஜ்வுட் போய் அம்மாவின் மேடைப் பெயரான லாரன்ஸ் ஒட்டிக்கொண்டது. இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் பெயர் மாறிக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

1906 வாக்கில் அம்மாவும் மகளும் நியூயார்க் வந்தார்கள். நாடக வாய்ப்பு கிடைக்கவில்லை. சினிமா அப்போது யாரும் மதிக்காத தொழில். 5 சென்ட் கொடுத்து உள்ளே போகும் சின்னச் சின்னக் கொட்டகைகள், ஒரு ரீல் படம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாடகக்காரர்கள் வேலை இல்லாத மாதங்களில் வேறு வழியில்லாமல், தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே போய் நடித்துவிட்டு வருவார்கள். எடிசன் கம்பெனி டேனியல் பூன் என்ற எல்லைப்புற வீரனின் கதையைப் படமெடுத்தது, அதற்குக் குதிரை ஓட்டத் தெரிந்த பெண் தேவைப்பட்டது, ஃப்ளாரன்ஸுக்கு ஓட்டத் தெரியும். நாளொன்றுக்கு 5 டாலர் சம்பளம், நடுங்கும் குளிரில் இரண்டு வாரம் வெளிப்புறப் படப்பிடிப்பு. அம்மாவுக்கும் அதில் ஒரு சின்ன வேடம் கிடைத்தது. அடுத்து வைட்டாகிராஃப் கம்பெனி. அங்கே நடிப்பதோடு உடுப்புத் தைக்கும் வேலையும் சேர்த்துச் செய்தார். கதாநாயகியே ஊசி நூலோடு உட்காரும் காலம் அது.

திருப்பம் 1908இல் வந்தது. நியூயார்க்கின் கிழக்கு 14ஆம் தெருவில் ஒரு பழைய மாளிகைக்குள் இயங்கிய பயோகிராஃப் கம்பெனியில், டி. டபிள்யூ. கிரிஃபித் என்ற, நடிகனாகப் பெரிதாக சோபிக்காத ஒருவர் அப்போதுதான் இயக்குநராகியிருந்தார். அவருக்கும் குதிரை ஓட்டத் தெரிந்த பெண் தேவை. (குதிரைதான் இவருக்கு அதிர்ஷ்டம் போல.) வைட்டாகிராஃபில் இருந்த இன்னொரு ஃப்ளாரன்ஸை, ஃப்ளாரன்ஸ் டர்னரை, அழைக்கத்தான் கிரிஃபித் நினைத்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. எப்படியோ இவர் உள்ளே போய்விட்டார், வாரம் 25 டாலர் சம்பளத்தில். அந்த ஆண்டு கிரிஃபித் எடுத்த அறுபது சொச்சம் படங்களில் பெரும்பாலானவற்றில் இவர் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு படம் என்ற வேகம், யோசித்துப் பாருங்கள். காலையில் செவ்விந்தியப் பெண், மறுநாள் பணக்கார வீட்டு மருமகள், அதற்கடுத்த வாரம் ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி கேதரின், அப்புறம் டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' கதையில் வரும் கட்யூஷா. ஜான் காம்ப்சன் என்ற நடிகரோடு ஜோன்ஸ் தம்பதி என்று ஒரு நகைச்சுவை வரிசை, ஒவ்வொரு படத்திலும் புருஷன் பெண்டாட்டி சண்டை. அதுதான் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாரி சோல்டர் என்ற நடிகரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தப் படங்கள் எதிலும் நடிகர் பெயர் கிடையாது. டைட்டிலில் கம்பெனி பெயர் மட்டும்தான். பயோகிராஃப் இதில் மற்றவர்களைவிடப் பிடிவாதம். பெயர் தெரிந்துவிட்டால் சம்பளம் ஏற்றிக் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் அது மட்டுமே இல்லை என்று நினைக்கிறேன். அன்றைக்கு விற்பனையானது படம்கூட இல்லை, சரக்கு. கொட்டகைக்காரர் 'இந்த வாரம் பயோகிராஃப் படம்' என்று பலகை வைப்பார், சோப்புக்கு மார்க் பார்த்து வாங்குவதுபோல ஜனங்கள் கம்பெனி மார்க்கைப் பார்த்து உள்ளே வருவார்கள். சோப்பைச் செய்த தொழிலாளியின் பெயரை யார் டப்பாவில் அச்சடிப்பார்கள்? நடிகர்களில் பலரும்கூட, சினிமாவில் நடித்தது மேடை உலகத்துக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது என்றுதான் இருந்தார்கள்.

ஆனால் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலப் படங்களை இன்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், கேமரா தள்ளியே நிற்கும், தலை முதல் கால் வரை உருவம் தெரியும், இன்று நாம் சொல்லும் க்ளோசப் அநேகமாக இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்தும், அத்தனை வேடங்களுக்கு நடுவிலும், இது அதே பெண்தான் என்று ஜனங்கள் அடையாளம் கண்டுபிடித்தார்கள். கம்பெனிக்குக் கடிதம் எழுதி அந்தப் பெண் யார் என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. சரி, நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்வோம் என்று 'பயோகிராஃப் பெண்' என்றார்கள். என்னைப் பொறுத்தவரை நட்சத்திரம் என்பது பிறந்த இடம் இதுதான். பெயர் தெரிந்த பிறகு புகழ் வருவது சாதாரணம். இவருக்குப் புகழ் முதலில் வந்தது, பெயர் ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது.

1909இல் ஃப்ளாரன்ஸும் சோல்டரும் கூடுதல் சம்பளத்துக்காக எஸ்ஸனே என்ற இன்னொரு கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். எங்களைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்ட கடிதம். இவர்கள் கவனிக்காமல் விட்டது என்னவென்றால், பெரிய கம்பெனிகள் எல்லாம் 1908 டிசம்பரிலேயே எடிசன் தலைமையில் ஒரே கூட்டணியாகச் சேர்ந்துவிட்டன, கேமரா, புரொஜெக்டர் காப்புரிமைகளை எல்லாம் ஒன்றாகக் குவித்து, எங்களுக்குப் பணம் கட்டாமல் யாரும் படம் எடுக்கவோ காட்டவோ கூடாது என்று. எஸ்ஸனேயும் அந்தக் கூட்டணியில் உறுப்பினர். கடிதம் நேராக பயோகிராஃபுக்குத் திரும்பிப் போனது, இருவருக்கும் வேலை போயிற்று. கூட்டணிக்கு வெளியே இருந்த யாராவது கூப்பிட்டால்தான் உண்டு.

கூப்பிட்டவர் கார்ல் லெம்லி. ஜெர்மனியிலிருந்து வந்த குள்ளமான மனிதர், விஸ்கான்சினில் துணிக்கடை மேலாளராக இருந்து, 1906இல் சிகாகோவில் ஒரு கொட்டகை திறந்து, கூட்டணியோடு வழக்குமேல் வழக்காக மல்லுக்கட்டிக்கொண்டே சொந்தமாகப் படமெடுக்கத் துணிந்தவர். கம்பெனியின் பெயர்ச்சுருக்கம் 'இம்ப்'. ஆங்கிலத்தில் அதற்குக் குட்டிச்சாத்தான் என்றும் அர்த்தம், அது அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது. பின்னாளில் யுனிவர்சல் ஸ்டுடியோவை உருவாக்கியதும் இதே லெம்லிதான்.

இனி வருவதுதான் எல்லாரும் சொல்லும் கதை. 1910 தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு வதந்தி: பயோகிராஃப் பெண் டிராம் மோதிச் செத்துப்போனாள். மார்ச் மாதம் லெம்லி சினிமாத் தொழில் பத்திரிகையில் பெரிய விளம்பரம் கொடுத்தார், இது அப்பட்டமான பொய், இம்ப் கம்பெனியின் எதிரிகள் கிளப்பிவிட்டது, மிஸ் லாரன்ஸ் நலமாக இருக்கிறார், இம்ப் படங்களில்தான் நடிக்கிறார், அடுத்த படம் இன்ன தேதி என்று. எதிரிகளைத் திட்டுவதுபோலத் திட்டி, அவரது பெயர், அவர் பழைய பயோகிராஃப் பெண் என்ற விஷயம், அடுத்த பட விளம்பரம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியாகிவிட்டது. வதந்தியைக் கிளப்பியதே லெம்லிதான் என்றுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் நம்புகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். வேறு யாருக்கு அதனால் லாபம்?

அதோடு நிற்கவில்லை. உயிரோடு இருப்பதை நிரூபிக்கிறேன் என்று அதே மாதம் அவரைக் கூட நடிக்கும் கிங் பேகட்டோடு ரயிலேற்றி செயின்ட் லூயிஸுக்கே அனுப்பினார். ஸ்டேஷனில் கூட்டம் தாங்கவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஜனாதிபதி டாஃப்ட் வந்தபோது கூடிய கூட்டத்தைவிட அதிகம் என்று சொல்வார்கள், மேல்கோட்டுப் பித்தானைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்றும் சொல்வார்கள். சினிமா விளம்பரக்காரர்கள் சொன்ன கணக்கு, பாதியாகக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். குறைத்தாலும் விஷயம் பெரிதுதான். பத்து நிமிட ஊமைப் படத்தில் வரும் ஒரு பெண்ணை நேரில் பார்க்க ஊரே ரயில் நிலையத்துக்கு வரும் என்று அதற்கு முன்னால் யாரும் நினைத்ததில்லை, லெம்லி ஒருவரைத் தவிர.

சரி, 'முதல் நட்சத்திரம்' என்ற பட்டத்துக்கு வருகிறேன். பெயர் வெளியானவர்களில் இவர்தான் முதல்வர் என்றால் அது சரியில்லை. பிரான்ஸில் நகைச்சுவை நடிகர் மேக்ஸ் லிண்டரின் பெயர் ஏறத்தாழ இதே காலத்தில் ஐரோப்பா முழுக்கத் தெரிந்திருந்தது. அமெரிக்காவிலேயே கேலம் கம்பெனி தன் நடிகர்களின் படத்தையும் பெயரையும் 1910 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது, அதாவது லெம்லியின் கூத்துக்கு இரண்டு மாதம் முன்னால். வைட்டாகிராஃபும் அதே வசந்த காலத்தில் ஃப்ளாரன்ஸ் டர்னரை 'வைட்டாகிராஃப் பெண்' என்று ஊர் ஊராகக் கொண்டுபோனது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் அந்த முடிவுக்கு வந்துகொண்டிருந்தன, ஏனென்றால் ஜனங்கள் விடவில்லை. லெம்லி செய்தது, அதை எல்லாரையும்விடச் சத்தமாகச் செய்தது. ஆனால் நான் மேலே சொன்ன அந்த இன்னொரு கணக்கில், அதாவது பெயர் தெரியாமலேயே அமெரிக்க ரசிகர்கள் இப்படித் தேடிய முகம் என்ற கணக்கில், ஃப்ளாரன்ஸுக்குத்தான் பட்டம் என்று தயங்காமல் சொல்வேன்.

ஒரு வேடிக்கை பாருங்கள். அவர் பயோகிராஃபை விட்டுப் போனதும் 'பயோகிராஃப் பெண்' என்ற பட்டம் அங்கேயே தங்கிவிட்டது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த இன்னொரு கனடாப் பெண்ணுக்கு அது போனது. அவர்தான் மேரி பிக்ஃபோர்ட். ஃப்ளாரன்ஸ் இம்ப் கம்பெனியை விட்டுப் போனபோதும் அந்த இடத்துக்கு லெம்லி மேரியைத்தான் கொண்டுவந்தார். வித்தியாசம் என்னவென்றால் மேரி பணவிஷயத்தில் புலி, அவர் அம்மா அவரைவிடப் பெரிய புலி, ஒவ்வொரு தாவலிலும் சம்பளத்தை ஏற்றி 1919இல் சாப்ளினோடு சேர்ந்து சொந்த நிறுவனமே தொடங்கிவிட்டார். ஃப்ளாரன்ஸ் தாவினார், ஆனால் எங்கேயும் வேர் பிடிக்கவில்லை. இம்ப் கம்பெனியில் ஒரு வருஷம்கூடச் சரியாக இருக்கவில்லை, பிலடெல்பியாவில் சீக்மண்ட் லூபினிடம் போனார், அங்கே ஆர்தர் ஜான்சனோடு சுமார் ஐம்பது படம்.

1912இல்தான் உச்சம். மறுபடி லெம்லியின் பண உதவியோடு நியூஜெர்சியின் ஃபோர்ட் லீயில் விக்டர் என்ற சொந்தக் கம்பெனி. (அப்போது அமெரிக்க சினிமாவின் தலைநகரம் ஃபோர்ட் லீதான், ஹாலிவுட் இன்னும் எலுமிச்சைத் தோட்டம்.) அவருக்கு வாரம் 500 டாலர், இயக்குநரான கணவருக்கு 200 டாலர். 5 டாலர் நாள்கூலிக்குக் குளிரில் நடுங்கி ஆறு வருஷம்கூட ஆகவில்லை. நியூஜெர்சியில் 50 ஏக்கர் பண்ணை வாங்கினார், ரோஜா வளர்த்தார். வீட்டில் மட்டும் சண்டை, சோல்டர் கோபித்துக்கொண்டு ஐரோப்பா போய்விட்டு உருக்கமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தார், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் கார் பைத்தியம். தானே ஓட்டுவார், தானே பழுதும் பார்ப்பார். பித்தானை அழுத்தினால் காரின் பின்னால் கொடி எழும்பித் திரும்பப்போவதைக் காட்டும் ஒரு கருவி, பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் 'நில்' என்ற பலகை எழும்பும் இன்னொரு கருவி, இரண்டையும் 1914 வாக்கில் செய்தார். காப்புரிமை வாங்கவில்லை, காசும் வரவில்லை. இன்றைய இண்டிகேட்டர் விளக்கு இதிலிருந்து நேராக வந்ததா என்றால் இல்லை, அதைப் பலர் பல இடங்களில் தனித்தனியாக உருவாக்கினார்கள். யோசனை அவருக்கு முன்கூட்டியே வந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அம்மா ஷார்லட் இதில் கெட்டி, மின்சாரத்தில் ஓடும் கண்ணாடித் துடைப்பான் ஒன்றுக்கு 1917இல் காப்புரிமையே வாங்கினார், ரப்பர் பட்டைக்குப் பதில் உருளை வைத்தது. அதுவும் விற்கவில்லை.

பிறகு அந்தத் தீ விபத்து. 1914இல் ஒரு படத்துக்காகத் தீ வைத்து எடுத்த காட்சி கையை மீறிப் போனது. கூட நடித்தவரைச் சுமந்துகொண்டு படிக்கட்டில் இறங்கும் காட்சி அது. விழுந்ததில் முதுகில் பலத்த அடி, முடியும் பொசுங்கியது, தீக்காயம். படுத்துவிட்டார். 1916இல் திரும்பி வந்து ஒரு முழுநீளப் படத்தில் நடித்தார், அது முடிந்ததும் மறுபடி படுக்கையில் விழுந்து மாதக்கணக்கில் எழுந்திருக்கவே முடியவில்லை. மருத்துவச் செலவை ஸ்டுடியோ ஏற்கவில்லை என்ற கசப்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது. அன்றைக்கு நடிகருக்குக் காப்பீடும் இல்லை, சங்கமும் இல்லை.

அந்த இரண்டு மூன்று வருஷம்தான் அவரை முடித்துவிட்டது. சினிமா அதற்குள் ஒரு ரீலிலிருந்து முழுநீளப் படத்துக்குப் போய்விட்டது, நியூஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது, சாப்ளினும் பிக்ஃபோர்டும் லட்சக்கணக்கில் சம்பாதித்தார்கள். 1908இன் முகம் 1918இல் பழைய காலண்டர். 1920களின் தொடக்கத்தில் ஒரு படத்தில் மறுபிரவேசம் செய்தார், எடுபடவில்லை. சோல்டர் 1920இலேயே இறந்துவிட்டார். அடுத்து சார்ல்ஸ் உட்ரிங் என்ற கார் விற்பனையாளரைக் கல்யாணம் செய்து, இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஒப்பனைப் பொருள் கடை நடத்தினார்கள். 1929இல் அம்மா இறந்தார், பங்குச்சந்தை விழுந்து கையிருப்பு போனது, அந்தக் கல்யாணமும் முறிந்தது. மூன்றாவது கணவர் அடிப்பவர், சில மாதத்தில் அதுவும் முடிந்தது.

1936இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ பழைய ஊமைப்பட நட்சத்திரங்கள் சிலருக்கு வாரம் 75 டாலர் சம்பளத்தில் துணை வேடம் கொடுத்தது. ஃப்ளாரன்ஸும் அதில் ஒருவர். கூட்டத்தில் ஒருவராக நிற்பார், ஒரு வசனம் இருந்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் திரையில் பெயர் இருக்காது. ஆரம்பித்த இடத்துக்கே வந்தாகிவிட்டது. இதைக் கருணை என்பதா அவமானம் என்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை, பட்டினியைவிட மேல் என்பது மட்டும் நிச்சயம். அடுத்த வருஷம் எலும்பு மஜ்ஜையில் அரிதான ஒரு நோய், வைத்தியம் இல்லாதது, தாங்க முடியாத வலி. 1938 டிசம்பர் 28 அன்று, உடம்பு சரியில்லை, வேலைக்கு வரவில்லை என்று ஸ்டுடியோவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, உயிரை மாய்த்துக்கொண்டார். 53 வயது நிரம்ப ஐந்து நாள் பாக்கி.

ஹாலிவுட் மயானத்தில் அடக்கம் செய்தார்கள், கல் இல்லை. 1991 வரை இல்லை. அந்த ஆண்டு ஒரு பிரிட்டிஷ் நடிகர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லிப் பணம் கொடுக்க, கல் நட்டார்கள். 'பயோகிராஃப் பெண், முதல் சினிமா நட்சத்திரம்' என்று பொறித்திருக்கிறது. பிறந்த ஆண்டு மட்டும் 1890 என்று தப்பாக இருக்கிறது, நான்கு வயது இளமையாக.

கடைசியாக, அவரைப் பார்க்க முடியுமா என்று யாராவது கேட்பீர்கள். முடியும், ஆனால் ஒரு விசித்திரத்தோடு. மொத்தம் 300 படங்களுக்குக் கிட்டத்தட்ட நடித்திருக்கிறார். பெயரோடு நடித்தவை பெரும்பாலும் போய்விட்டன: லூபினின் படக்கிடங்கு 1914இல் பிலடெல்பியாவில் வெடித்து எரிந்தது, யுனிவர்சல் தன்னிடம் மிஞ்சியிருந்த ஊமைப்படங்களை 1948இல் தானே அழித்தது. பெயரில்லாமல் நடித்த பயோகிராஃப் படங்கள் மட்டும் நிறையப் பிழைத்திருக்கின்றன. காரணம் ஒரு சட்டச் சந்து. 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமா என்று ஒரு இனமே இல்லை, அதனால் கம்பெனிகள் படம் முழுவதையும் காகிதச் சுருளில் புகைப்படங்களாக அச்சிட்டு, இவை புகைப்படங்கள் என்று சொல்லி நாடாளுமன்ற நூலகத்தில் பதிவு செய்தன. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம் சுருள் எரிந்தது, மக்கியது, காகிதம் கிடந்தது. 1950களில் கெம்ப் நிவர் என்பவர் அந்தச் சுருள்களை ஒவ்வொரு ஃப்ரேமாக மறுபடி ஃபிலிமில் பிடித்தார். இணையத்தில் தேடினால் கிடைக்கும். 1908இன் அந்த அடங்காப்பிடாரிப் படத்திலிருந்து ஆரம்பியுங்கள், டைட்டிலில் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது.